பொழிச்சலூர் பாதுஷா

5

கேசட்டில் பேசிய குரல் அணில் கத்துவது மாதிரி கீச்சுகீச்சென்று இருந்தது. சிரித்தவள் பேபி மட்டும்தான்.

“இன்னா சார் இது, கிட்நாப்பா, கார்ட்டூனா?”

ஏகநாதன் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சிட்டிபாபுவும் சிரிக்கவில்லை. பாவம், அந்த மனுஷன் சிரித்து இருபது மணி நேரம் ஆகிறது. பாப் பாடகன் ஆல்விக்கு மானேஜர் அவர். ஆல்வியை நேற்று சாயங்காலத்திலிருந்து காணோம். இன்று காலையில் விடுதி வாசலில் இந்தக் கேசட்தான் கிடந்தது.

ஆல்வி யார் என்று கேட்கிறவர் யாராவது இருந்தால், அவர் 1997-ல் தாம்பரம் பக்கமே வந்திருக்க மாட்டார். நெற்றியில் ஒரு கற்றை முடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ‘பிளாட்பாரம் நம்பர் அஞ்சு’ என்று ஒரே ஒரு கேசட் போட்டான் பையன். அவ்வளவுதான். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் வயசுப் பெண்கள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்கள். போன மாதம், பம்பாய் மாடல் ஒருத்தியோடு அவனுக்கு நிச்சயதார்த்தம் என்று பத்திரிகையில் வந்தது. அன்றைக்கு குரோம்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரே உட்கார்ந்து அழுததாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் அவனுடைய கச்சேரி. நேற்று சாயங்காலம் அவன் தங்கியிருந்த விடுதி வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பட்டுப்பாவாடை கட்டிய மூன்று பெண்கள், கையில் ரோஜா மாலை. விழாக் கமிட்டி என்றார்கள். ஆல்வி ஏறிப் போய்விட்டான்.

“யாரு, எங்க போறோம்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரா சார்?” என்றாள் பேபி.

“மாலையோட யார் வந்தாலும் ஏறிடுவான்மா. அப்படியே பழகிட்டான்.”

“எங்க ஏரியால ஆடுகூட அப்டித்தான் ஏறும்.”

“பேபி!” என்றார் ஏகநாதன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் நிலையம். கீழே இருபது மெஷின் ஒரே நேரத்தில் தடதடக்கும். அந்தச் சத்தத்திலும் அவருக்கு யோசனை ஓடும். ரயில்வே தபாலில் இருபத்திரண்டு வருஷம், ஓடுகிற வண்டியில் நின்றபடி கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவராயிற்றே. விலாசத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்று பேபி ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தாள்.

அவருடைய உதவியாளர் பேபிக்கு வயது இருபத்து மூன்று. ஊர் பொழிச்சலூர். வேறொரு கேஸுக்காக மூன்று நாளாகப் படப்பை மார்க்கெட்டில் கீரைக்காரி வேஷத்தில் உட்கார்ந்துவிட்டு, காலை பஸ்ஸில் நேராக ஆபீஸுக்கு வந்திருந்தாள். வீட்டுப் பக்கமே போகவில்லை. விரல் இடுக்கில் இன்னும் முளைக்கீரை வாசனை அடித்தது.

“இன்னொரு தடவை போடு,” என்றார் ஏகநாதன்.

பேபி போட்டாள். எழுதி வைத்துக்கொண்டு படிக்கிற சுத்தத் தமிழ்.

“சிட்டிபாபு அவர்களுக்கு வணக்கம். ஆல்வி எங்களிடம் பத்திரமாக இருக்கிறார். பம்பாய்க்காரியோடு நிச்சயதார்த்தம் ரத்து என்று ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வர வேண்டும். அதுவரை அவர்...”

இந்த இடத்தில் நீளமாக ஒரு விசில் சத்தம். குரல் நின்றது. விசில் தேய்ந்து அடங்கியதும், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

“...எங்களோடுதான் இருப்பார். கவலைப்படாதீர்கள். கண்ட சாப்பாட்டையும் கொடுத்து அவர் உடம்பைக் கெடுக்க மாட்டோம். அவருக்கு உயிரான பாதுஷாவை மட்டுமே வேளாவேளைக்கு ஊட்டுகிறோம். அது அவருக்குப் பிடிக்கும் என்று எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.”

சிட்டிபாபு தலையில் அடித்துக்கொண்டார். “பாதுஷாவா! ஐயோ, அவனுக்கு சுகர் சார்! பன்னெண்டு வயசுலேருந்து. காலையில ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி, போட்டே ஆகணும். நேத்து ராத்திரி போடல, இன்னிக்குக் காலையிலயும் போடல. இதுல பாதுஷா வேறயா? டாக்டருக்கு போன் பண்ணினேன். சாயங்காலம் வரைக்கும் தாங்கினா அதிசயம்ங்கிறாரு.”

அவர் மடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது. உள்ளே ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவில் மருந்து. குழந்தையை அணைக்கிற மாதிரி அதை அணைத்துக்கொண்டார்.

“போலீசுக்குப் போகலையா?”

“போனா பேப்பர்ல வரும் சார். சுகர்னு வரும். காதல் பாட்டு பாடறவனுக்கு சுகர்னு வந்தா எவ கேசட் வாங்குவா?”

“ஆள் போயிட்டா எவ வாங்குவா?” ஏகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. “ரெண்டு மணி வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள கிடைக்கலன்னா நானே போலீசுக்கு போன் போடுவேன். சரி, அவருக்கு பாதுஷா பிடிக்கும்னு யார் கிளப்பி விட்டது?”

சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டார்.

“நான்தான் சார். ரசிகைங்க லெட்டருக்கெல்லாம் நான்தான் பதில் எழுதறேன். அவனுக்குத் தமிழ் எழுதவே வராது. ‘பத்திரிகைக்காரர்களிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இனிப்பு...’ அப்படின்னு ஒரு வரி சேர்ப்பேன். பொண்ணுங்க உருகிடும்.”

பேபி டேப் ரிக்கார்டரின் பட்டனைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

“எல்லா லெட்டர்லயும் பாதுஷாதானா?”

“இல்ல சார். எல்லாருக்கும் ஒண்ணே எழுதினா எனக்கே போரடிக்குது. ஆளுக்கு ஒண்ணு எழுதிப் பாத்தேன். ஒரே தெருவுல ரெண்டு பொண்ணுங்க லெட்டரை ஒத்துப் பாத்து, உன்னுது பொய், என்னுது நிஜம்னு மண்டைய உடைச்சுக்கிச்சுங்க. அதுக்கப்புறம்...”

“போஸ்டாபீஸ் வாரியா பிரிச்சிட்டீங்க!”

ஏகநாதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் முகத்தில் ஒரு நிமிஷம் ஜொலித்தது. சிட்டிபாபு பையிலிருந்து அழுக்கேறிய நீள நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பக்கத்துக்கு ஒரு ஊர். தாம்பரத்துக்கு மைசூர்பாகு, குரோம்பேட்டைக்கு ஜாங்கிரி, படப்பைக்கு அதிரசம்.

“பாதுஷா?”

“ஒரே ஒரு ஊருக்குத்தான் சார். பொழிச்சலூர்.”

“சரியாப் போச்சு. இந்த விசிலைக் கேட்டீங்கல்ல?”

“குக்கர்னு நெனச்சேன்.”

“குக்கருக்காக யாரும் பேச்சை நிறுத்த மாட்டாங்க. நிறுத்தி, காத்திருந்து, விட்ட இடத்துலயே பிடிக்கறது பிளேனுக்குப் பழகினவங்க. ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கறவங்களுக்கு அது ரத்தத்துல ஊறிப்போச்சு. இதோ நம்ம பேபியும் அப்படித்தான். தாம்பரத்துல ஏர்ஃபோர்ஸ் பிளேன் போனாக்கூட வாயை மூடிப்பா. அவ வாயை மூட வேற வழியே கிடையாது. ஆனா இந்தச் சத்தம் மட்டும் ஏன் இப்படிக் கீச்சுன்னு இருக்கு, அதுதான் புரியல.”

வேறு நாளாக இருந்தால் பேபி பதிலுக்கு நாலு விட்டிருப்பாள். இன்றைக்கு மறுபடியும் அந்தப் பட்டனையே துடைத்தாள். பொழிச்சலூரில் அவள் வீட்டு பீரோவில், அம்மா புடவைக்கு அடியில் விரித்த பேப்பருக்கும் கீழே, ஒரு கடிதம் இருந்தது. ‘அன்புள்ள பேபிக்கு’ என்று ஆரம்பிக்கும். பதினாலு மாசமாக அதை எடுப்பதும் படிப்பதும் மடிப்பதுமாக, மடிப்பு விட்டு நாலு துண்டாகப் போயிருந்தது. ரவுடியை ரவுடி என்றும் பார்க்காமல் கலாய்க்கிற பேபி, அவன் பாட்டைக் கேட்டால் குழைந்துவிடுவாள் என்பது ஏகநாதன் சாருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவளுக்கு நாண்டுகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

“பொழிச்சலூர்ல எத்தனை பேர்?” என்று கேட்டபடி ஏகநாதன் பக்கத்தைப் புரட்டினார்.

“பதினோரு பேர் சார்.”

அவர் பெயர்களை வாசித்தார். மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு பேபி ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. அதோடு நோட்டை மூடிவிட்டார்.

“கிளம்புங்க. அந்த ஊர்ல பாதுஷா போடற கடை எத்தனை இருக்கப் போகுது? யார் மொத்தமா வாங்கிட்டுப் போனாங்கன்னு கேட்டா முடிஞ்சுது.”

கடைசிப் பெயர் அவர் கண்ணில் படவில்லை போலும். தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் பேபி ஒரு கும்பிடு போட்டாள்.

சிட்டிபாபுவின் மாருதி வேன் ஜி.எஸ்.டி. ரோட்டில் பறந்தது. பல்லாவரம் வரைக்கும்தான் அந்தப் பறத்தல் எல்லாம். வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய மிக்ஸி, புறா, ரோஜாச் செடி, ஒற்றைக் கால் ஷூ என்று வாங்கி வந்தவர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். முன்னால் ஒருவர் சைக்கிளில் பீரோவைக் கட்டிக்கொண்டு போனார். வேன் நின்றது நின்றதுதான். மணி ஒன்று.

சிட்டிபாபு பிளாஸ்கைத் திறந்து பார்த்தார். “ஐஸ் உருகுது சார்.”

சும்மா உட்கார முடியாமல் பேபி பையைத் துழாவி வாக்மேனை எடுத்தாள். “அந்த கேசட்ட இன்னொரு தபா கேக்குறேன் சார்.”

வாக்மேனில் பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருக்க வேண்டும். படப்பையில் மூன்று நாளும் அதே பேட்டரிதான். பல்லால் கடித்தும், வெயிலில் காய வைத்தும் அவள் அதை ஓட்டிக்கொண்டிருந்தாள். பட்டனை அழுத்தியதும் டேப் இழுத்து இழுத்துச் சுற்றியது. அணில் குரல் மெதுவாகத் தடித்தது. கீச்சுத்தனம் போய், கீழே இறங்கி, மனுஷக் குரலாக நின்றது. விசிலும் அப்படியே இறங்கி, பிளேன் சத்தமாக உறுமியது.

சட்டென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பேசினவளும் செத்த பேட்டரியில்தான் ரிக்கார்டு பண்ணியிருக்கிறாள். மெதுவாகச் சுற்றின டேப்பில் பதிந்ததை நல்ல மெஷினில் போட்டால் கீச்சிடத்தானே செய்யும்? இப்போது இரண்டு செத்த பேட்டரியும் சேர்ந்து நிஜக் குரலைக் கொடுத்துவிட்டன.

“...அவருக்கு உயிரான பாதுஷாவை மட்டுமே...”

காந்திமதி. அவளுடைய தங்கச்சி. பிளஸ் ஒன் படிக்கிறாள். பெரியம்மாவைப் பார்க்கப் போன அம்மா திங்கட்கிழமைதான் வருவாள். மூன்று நாளாக வீட்டில் காந்திமதி தனியாகத்தான் இருந்தாள்.

“என்ன கேட்டுது?” என்றார் ஏகநாதன், திரும்பாமலே.

“ஒண்ணுமில்ல சார். பாட்ரி வீக்கு.”

வாய் சொல்லிவிட்டது. சொன்னால் பதினாறு வயசுப் பெண்ணை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். படிப்பு போச்சு, தெருவில் தலை காட்ட முடியாது, அம்மா உயிரையே விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால்? இவர்கள் கடை கடையாக விசாரித்துக்கொண்டிருப்பார்கள், அங்கே காந்திமதி ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருப்பாள். தூக்கிச் சுமந்து வளர்த்த தங்கச்சி கையாலேயே ஓர் ஆள் சாக வேண்டுமா? அதுவும் அந்த ஆளா? அவள் பார்வை பிளாஸ்கின் மேல் போனது. சிட்டிபாபு அதன் மூடியை இறுக்கி இறுக்கித் திருகிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் பீரோ ஓரம் ஒதுங்கியது. வேன் பம்மல் பக்கம் திரும்பி வேகம் எடுத்தது.

“சார்,” என்றாள் பேபி. “கடை கடையா கேக்க வாணாம் சார். நேரா நம்ம வூட்டுக்கு வுடச் சொல்லுங்க.”

ஏகநாதன் முன்னால் சாய்ந்தார். டிரைவரிடம் வழி மட்டும் சொன்னார்.

கதவைத் தட்டியதும் காந்திமதி ஒரு கண் தெரிகிற அளவுக்குத் திறந்து பார்த்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் பூத்துவிட்டது. “அக்கா! வந்துட்டியா? கண்ண மூடிக்கோ, சொல்ற வரைக்கும் தொறக்காத. இன்னிக்கு நீ—”

பேபி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சிமென்ட் ஷீட் போட்ட அறை. சுவர் நாலு பக்கமும் ஆல்வி சிரித்துக்கொண்டிருந்தான். கட்டிலில் நிஜ ஆல்வி, வாடின ரோஜா மாலையோடு, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பாதுஷா. மாலையோடு போன மற்ற இரண்டு பெண்களும் ஸ்கூலுக்குப் போயிருக்க வேண்டும்.

“ஒரே ஃபீலிங்கு அக்கா அவருக்கு,” என்றாள் காந்திமதி, பூரிப்போடு. “காலைலேருந்து பேச்சே இல்ல. ‘தண்ணி, தண்ணி’ன்னு பாடிகினே கீறாரு. புதுப்பாட்டு போல. நோட்டுல எழுதி வெச்சிகீறேன்.”

“அடிப்பாவி! பாட்டு இல்லடி அது! தண்ணி கேக்குறாருடி! எத்தினி ஊட்டின?”

“பதினாறு. ஏன் கத்துற? தண்ணியும் குடுத்தேன், குடிக்கக் குடிக்க கேட்டுகினே கீறாரு. உனக்காகத்தானே நான் இவ்ளோ—”

தலைக்கு மேல் பிளேன் வந்தது. அக்காளும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அறையே அதிர்ந்தது. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, வாய் திறந்தபடி, அடுத்த வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இவர்களுக்கு நடுவில் சிட்டிபாபு முட்டி போட்டு, ஆல்வியின் சட்டையைத் தூக்கி, ஊசியைக் குத்தி அழுத்தினார். இந்தக் கூத்தைப் பார்த்து ஏகநாதனே ஒரு நொடி திகைத்துப் போனார். பிளேன் போய்விட்டது.

“—கஷ்டப்பட்டேன்!” என்று முடித்தாள் காந்திமதி.

“எனக்காகவா?”

“பின்ன? நிச்சயதார்த்த நியூஸ் வந்த அன்னிக்கு, நீ பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அழுதல்ல? நான் வெளியிலதான் நின்னுகினு இருந்தேன். உன் லெட்டரு எனக்கு மனப்பாடம் அக்கா. உனக்கு லெட்டர் போட்டுட்டு எவளையோ கட்டிக்கினா? வுட்ருவேனா நான்?”

பேபிக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் ஆல்வியின் காலைப் பிடித்துத் தூக்கினாள். “புடி சார்! வேனுக்குத் தூக்கு!” ஏகநாதனையே ஒருமையில் அதட்டிவிட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் தோளைப் பிடித்தார்.

வாசலில் காந்திமதி சிட்டிபாபுவை மறித்தாள். அழ ஆரம்பித்திருந்தாள். “பாதுஷா புடிக்கும்னு அவருதானே எழுதினாரு? அவரு கையால எழுதினாரே?”

“எழுதினது நான்மா,” என்றார் சிட்டிபாபு.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அப்போ உங்களுக்குத்தான் பாதுஷா புடிக்குமா?”

சிட்டிபாபு வேனில் ஏறிக்கொண்டார்.

குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோம். இன்னும் ஒரு மணி நேரம் தள்ளியிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆல்வி கண்ணைத் திறந்து, நிஜமாகவே தண்ணி கேட்டுக் குடித்தான். போலீஸில் சொல்லப் போவதில்லை என்றான். “மூணு ஸ்கூல் பொண்ணுங்க மாலையைக் காட்டி என்னைக் கடத்திட்டாங்கன்னு எந்த வாயால சார் சொல்லுவேன்?”

“சொல்ல வேணாம். அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை மேடையில உங்களுக்கு சுகர்னு சொல்லிடுங்க. இல்லேன்னா அடுத்த ஊர்ல ஒருத்தி ஜாங்கிரியோட நிப்பா,” என்றார் ஏகநாதன். பிறகு பேபியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்தார். பொழிச்சலூர்ப் பக்கம். பதினோராவதாக அவள் பெயர், கதவு எண்ணோடு.

“அப்போ ஆபீஸ்லயே...”

“உன் பேரைப் பார்த்தேன். காந்திமதி விஷயம் எனக்குத் தெரியாது. அதை நீயா சொன்னதுதான், பேபி, பெரிய விஷயம். அவளைத் திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கூட்டிட்டு வா. அவகிட்ட நான் பேசணும். திட்ட மாட்டேன்.”

பேபி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “திட்டுங்க சார். பரவால்ல.”

உள்ளேயிருந்து ஆல்வி கூப்பிட்டான். ஒரு காலத்தில் அந்தக் குரல் அவள் பெயரைச் சொல்லாதா என்று ஏங்கியிருக்கிறாள். இன்றைக்கு “மேடம்” என்றான்.

“உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க. என்ன செய்யறதுன்னே தெரியல. உங்க அட்ரஸ் குடுங்க, வீட்டுக்கு நானே ஒரு லெட்டர் போடறேன்.”

பேபி அவனை நன்றாகப் பார்த்தாள். போஸ்டரில் இருப்பதைவிடச் சின்னப் பையனாக இருந்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையிலிருந்த தாளை மடித்து, அவன் தலைமாட்டில் இருந்த பிளாஸ்குக்கு அடியில் செருகி வைத்தாள்.

“இதுல கீது சார். பாதுஷா பக்கம், கடேசி பேரு.”

சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்த தங்கச்சியைக் கையைப் பிடித்து எழுப்பி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.